மேலே தெரியும் பந்து

லவீன்,
18 ஆகஸ்ட் 1986

அன்புத் தம்பி கூர்தினுக்கு,

நான், அப்பா, உன் அத்தான் பெய்தர் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி வெயில் வந்ததும் குறைந்துவிட்டது. உன் தலை எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்.

ஞாயிறு சாயங்காலம் விளையாட்டு நிகழ்ச்சியில் பார்த்தோம். நீயும் எதிரணி நெட்டையனும் ஒரே பந்துக்குத் தாவினீர்கள், அவன் தலை உன் இடது புருவத்தில் இடித்தது, நீ விழுந்தாய். அத்தோடு அடுத்த கோலைக் காட்டப் போய்விட்டார்கள். நீ எழுந்தாயா இல்லையா என்று எவனும் சொல்லவில்லை. பெய்தர் எழுந்து நின்று தொலைக்காட்சிப் பெட்டியைத் திட்டினார்.

அப்பா வழக்கம்போல் விறகுக் கொட்டகையில் இருந்தார். பதினாலு வருஷமாக நீ பந்தாடிச் சம்பாதிக்கிறாய், இன்றுவரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. நீ அடிபடுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கோடரிச் சத்தம் நின்றதும் பெய்தர் ஜன்னல் வழியாக, "ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயிச்சாச்சு மாமா!" என்று மட்டும் கத்தினார். இன்று காலை செய்தித்தாளில் உன் கட்டுப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது ஒரே கேள்வி: "தையல் போட்டவன் ஒழுங்கா போட்டிருக்கானா?"

நாளை பள்ளி திறக்கிறது. இந்த வருஷம் எனக்குப் பதினோரு பிள்ளைகள். மூன்று வகுப்பும் ஒரே அறையில். அதற்கு முன்னால் வைக்கோலை உள்ளே சேர்த்தாக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரியாவது உடனே எழுது.

அன்புடன்,
அக்கா மட்லைனா


பீல்,
29 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். ஏழு தையல், இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான். தையல் ஒழுங்காகவே போட்டிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்.

எங்கள் கோல்கீப்பர் கிஸ்லானை உனக்குத் தெரியுமே, வெளியூர் போனால் என் அறையில் தங்குபவன். அவன்தான் என்னை மருத்துவரிடம் கூட்டிப் போனான். வழியெல்லாம் ஒரே கிண்டல். "டேய் மலைக்காரா, உன் மண்டைல இருந்தது ஒரே ஒரு யோசனை. அதுவும் ஓட்டை வழியா ஓடிப்போச்சா?" அணி மருத்துவர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். நேராகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

இப்போது நல்ல செய்தி. அந்த ஆட்டத்துக்குத் தேசிய அணியின் ஆள் ஒருவர் வந்திருந்தாராம். வந்தது என்னைப் பார்க்க! முப்பத்திரண்டு வயதில்! இருபத்தொரு வயதில் மூன்று தடவை என்னைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்களே, நினைவிருக்கிறதா? மூன்றாவது தடவை மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டோரம் நின்றேன். பந்து வெளியே போனால் நான் உள்ளே போகலாம். பந்து போகவில்லை. நடுவர் ஆட்டம் முடிந்ததாக ஊதிவிட்டார். அதன் பிறகு பதினோரு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. நாட்டுக்காக ஒரு நிமிஷம்கூட ஆடாதவன் என்றுதான் இன்றும் என்னைப் பற்றி எழுதுகிறார்கள்.

யாரிடமும் சொல்லாதே, திருஷ்டி பட்டுவிடும். அத்தானிடம் மட்டும் சொல். அவரிடம் சொன்னால் அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பாவின் முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
கூர்தின்


லவீன்,
12 அக்டோபர் 1986

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். நேற்று மேலே முதல் பனி விழுந்தது, வீட்டு வாசல்வரை இன்னும் வரவில்லை. தைலம் வந்தது. அப்பா அதை முழங்காலில் தடவவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார்.

நீ செப்டம்பரில் எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. ஏண்டா, உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? என் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் இடைவேளைக்கு வெளியே விட்டிருக்க மாட்டேன். வரி எல்லாம் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகிறது. சில இடத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'அப்பா' என்று எழுதிய இடத்தில் ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே. சின்ன வயதில் பள்ளியில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நீ. எனக்குக் கிடைக்காததால் அன்றைக்கு நான் அழுதேன்.

பார்சலில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, அக்ரூட் கேக் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கேக்கைக் கிஸ்லானுக்கும் கொடு. நோட்டில் எழுது.

பெய்தர் உன் செய்தியைச் சொல்லாமல் நான்கு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் பஸ் நிறைய ஆட்கள் என்னிடம் வாழ்த்துச் சொன்னார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. தலைவலி மறுபடி வந்ததா? எழுது.

அன்புடன்,
அக்கா


பீல்,
9 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேக் வந்த அன்றே தீர்ந்தது. கிஸ்லான் முக்கால், நான் கால்.

அந்தக் கடிதங்களை ரயிலில் எழுதினேன், அதுதான். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதை வெளியூர் விடுதியில் கிடைத்த தாளில் எழுதுகிறேன், கோடு இல்லை, திட்டாதே.

இந்தப் பருவம் என் வாழ்க்கையிலேயே நல்ல பருவம் என்று சொல்கிறார்கள். செய்தித்தாளில் என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், வெட்டி வைத்திருக்கிறேன். "கூர்தின் ஸ்துபான் பந்தைக் குனிந்து பார்ப்பதே இல்லை. தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்தபடி களம் முழுவதையும் கவனிக்கிறார். பந்து காலுக்கு வந்ததும் அடுத்தவனுக்குப் போய்விடுகிறது." இப்படியெல்லாம். உண்மையில் பந்தை நான் முன்பு போல் வைத்துக்கொள்வதில்லை. வந்தவுடன் தட்டி விடுகிறேன். அது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

கிஸ்லான் மட்டும் கேட்டான்: "ஏண்டா எப்பப் பாரு தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்குற? தரைகிட்ட ரகசியம் கேக்குறியா?" தையல் இழுக்கிறது என்றேன். "தையல் பிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சுடா" என்றான். பிறகு சாப்பாடு வந்தது, மறந்துவிட்டான்.

வசந்தத்தில் பெர்னில் நார்வேயுடன் ஒரு நட்பு ஆட்டம் இருக்கிறதாம். இப்படியே ஆடினால் அழைப்பு வரும் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பார்லி சூப் வை. பன்றித் தொடையை நிறையப் போடு.

அன்புடன்,
கூர்தின்


லவீன்,
6 ஜனவரி 1987

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்தது.

எந்தக் கண்?

அக்கா


லவீன்,
22 பிப்ரவரி 1987

மச்சான் கூர்தினுக்கு,

பெய்தர் எழுதுவது. எல்லோரும் நலமே. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். கடைசியாக எழுதியது உன் அக்காவுக்கு, அவள் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதற்கு முன்னால். ஆகவே இதை அவசரம் என்று எடுத்துக்கொள்.

ஏழு வாரமாக நீ அவளுக்குப் பதில் போடவில்லை. என் பஸ்ஸில்தான் தபால் பையும் வருகிறது. பள்ளி விட்டதும் அவள் வந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். ஜன்னல் வழியாக நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவள் கையைக்கூட அசைக்காமல் திரும்பி நடப்பாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் என்னைப் பார்க்க அவள் ஒரு நாள்கூட நிறுத்தத்துக்கு வந்ததில்லை. இப்போது ஊரார், "என்ன பெய்தர், புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கே?" என்று கேலி செய்கிறார்கள்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்குப் போகிறவன். கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று நீ மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய். காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாய். மேஜைத் துணி அழுக்காகிவிட்டது என்று உன் அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை. அப்பாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல குடும்பம் நாம்.

எழுது மச்சான். நல்லதோ கெட்டதோ, எழுதிவிடு.

பெய்தர்


பீல்,
27 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கண்.

உன் சுகத்தைக் கேட்காமல் ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள். கேட்க ஆரம்பித்தால் மறுபடி வேறெதையாவது எழுதிவிடுவேன்.

நேராகப் பார்த்தால் ஒழுங்காகத் தெரிகிறது, அது பொய் இல்லை. குனிந்து பார்த்தால்தான் எல்லாம் இரண்டு இரண்டு. படி இரண்டு, தட்டு இரண்டு, பந்து இரண்டு. ஒன்று மேலே, ஒன்று அதற்குக் கீழே கொஞ்சம் சாய்ந்து. ஆகஸ்ட்டிலிருந்து இப்படித்தான். போய்விடும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். போகவில்லை. அதற்குள் நானே கற்றுக்கொண்டேன். மேலே தெரியும் பந்துதான் நிஜம், கீழே தெரிவது பொய். தலையை வலப்பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பந்தை வைத்துக்கொள்ள முடியாததால்தான் உடனே தட்டி விட்டேன். அதைத்தான் அரைப் பக்கம் புகழ்ந்தார்கள். அணி மருத்துவர் ஒவ்வொரு மாதமும் கேட்டார். ஒவ்வொரு மாதமும் ஒன்றுமில்லை என்றேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை வரைக்கும்.

லூசெர்ன் அணியில் உர்பான் ஆர்னோல்ட் என்று ஒரு பையன், இருபது வயது, ஊரி மலைப் பக்கத்து ஆள். இரண்டாம் பாதியில் பந்தோடு என்னைக் கடந்து போனான். நான் சறுக்கிக் காலை விட்டேன். தலையைச் சாய்க்க நேரம் இல்லை. இரண்டு பந்து, நான்கு கால். மேலே தெரிந்ததை நோக்கித்தான் போனேன் என்று நினைத்தேன். அது பந்து இல்லை. சத்தம் கேட்டதும் தெரிந்தது.

கீழ்க்காலில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். பந்துக்குத்தான் போனான், நேரம் தவறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். முகமெல்லாம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். என்னைப் பார்த்து, "பரவால்ல ஸ்துபான். பந்துக்குத்தானே வந்தீங்க" என்றான்.

ஆமாம் என்றேன் அக்கா. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. தேசிய அணிப் பயிற்சியாளர் தானே பேசினார். நார்வேக்கு எதிரான ஆட்டம், ஏப்ரல் 22, பெர்ன். தொடக்கத்திலிருந்தே ஆடுகிறேன். பெஞ்சு இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஒரே ஒரு ஆட்டம். மறுநாளே மருத்துவரிடம் போகிறேன், சத்தியமாக. அதுவரை நீ யாரிடமும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அத்தானிடம் என் நன்றியைச் சொல். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

கூர்தின்


லவீன்,
31 மார்ச் 1987

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகமாகவே இருக்கிறோம். உன் கடிதத்தைப் பெய்தர் பஸ்ஸை நிறுத்தும் முன்பே ஜன்னல் வழியாக நீட்டினார். அங்கேயே நின்று படித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்காமல் காத்திருந்தார்களாம், எனக்கு அது தெரியாது.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இனி நீ கேட்காததைச் சொல்கிறேன்.

அக்டோபரிலேயே உன் கையெழுத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம். கிறிஸ்துமஸில் நீ படி இறங்கியபோது சந்தேகம் போய்விட்டது. நீ இங்கே எட்டு நாள் இருந்தாய். எட்டு நாளும் உன்னோடு தனியாக இருக்க எனக்கு நேரம் கிடைத்தது. பாத்திரம் கழுவினோம், பனி அள்ளினோம், சர்ச்சுக்கு நடந்தோம். கேட்கவில்லை. நீ ஊருக்குப் போன பிறகு, பதில் போடாமலும் இருக்க உனக்கு வசதியாக, கடிதத்தில் கேட்டேன்.

ஏன் கேட்கவில்லை தெரியுமா? எனக்கும் ஆசை. தேசிய அணியின் அந்தச் சிவப்புச் சட்டையில் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. நீ கோட்டோரம் நின்று உள்ளே போகாமல் திரும்பிய அன்று நான் அங்கே பார்வையாளர் பகுதியில் இருந்தேனே, அந்த நாளிலிருந்து. கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் அது நடக்காது. அதனால் மேஜைத் துணியைப் பற்றிச் சிரித்தேன்.

அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அந்தப் பையன் மார்ச்சில் தன் இரண்டு காலால் நடந்து வீட்டுக்குப் போயிருப்பான். அவன் கால் முறிந்ததில் பாதி என்னுடையது. அதை நீ தனியாகச் சுமக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மை அது, அதனால் சொல்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. இந்த விஷயத்தில் அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

நார்வேக்காரர்களிலும் யாருக்காவது அக்கா இருப்பாள். அவ்வளவுதான்.

நன்றாகச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு.

அக்கா


பெர்ன்,
24 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிய விரும்புகிறேன். நான் ஆடவில்லை என்பதை இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். "காயம் காரணமாக" என்று செய்தித்தாளில் போட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அணி முழுவதும் தூன் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் தங்கியது. என் அறைக்குப் போனால் கட்டில்மேல் சட்டை விரித்து வைத்திருந்தது. எட்டாம் எண். போட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், போட்டுக்கொண்டு கால் மணி நேரம் கண்ணாடிமுன் நின்றேன். பிறகு அந்தச் சட்டையோடே பயிற்சியாளரின் அறைக் கதவைத் தட்டினேன். கழற்றினால் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"ஆகஸ்ட்ல இருந்து."

"எட்டு மாசம்." கத்தியை வைத்தார். "யோவ், உன்னை நான் எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? அந்தத் தலையைச் சாய்ச்சு ஆடுறியே, அதுக்குத்தான்யா. இந்த மாதிரி களத்தைப் படிக்கிறவன் ஒருத்தன் கெடைச்சுட்டான்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, உடனே இருவருக்கும் போய்விட்டது.

"அந்த லூசெர்ன் பையன்?"

"ஆமாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க ஏன் நிக்குற?" என்றார். கோபமாக இல்லை. ஆப்பிளில் பாதியை என் கையில் வைத்தார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். மடிக்க வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலில் லூசெர்ன் போனேன். உர்பான் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறான். காலில் மறுபடி ஓர் அறுவை செய்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நீங்க பெர்ன்ல இல்ல இருக்கணும்? நாளைக்கு ஆட்டமாச்சே!" என்றான். ரேடியோவைக்கூட எடுத்து வைத்திருந்தான், என் ஆட்டத்தைக் கேட்க.

சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன்.

காலுக்கு மேலிருந்த போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தான். "அப்ப நீங்க பந்துக்கு வரல."

"பந்துக்குத்தான் வந்தேன். எது பந்துன்னு எனக்குத் தெரியல."

"ஒரு மாசமா எங்கப்பா, எங்க டீம், பேப்பர்காரங்க எல்லார்கிட்டயும் உங்களுக்காக நான் சண்டை போட்டேன். வேணும்னு செய்யல, நல்ல மனுஷன்னு. அன்னைக்கு நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்களே!"

அவன் கதவைக் காட்டினான்.

"வெளிய போங்க."

போனேன் அக்கா. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ரேடியோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் நடந்த நேரத்தில் நான் பெர்னில் ஒரு கண் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணைக் கீழே திருப்புகிற நரம்பு அடிபட்டதில் செயலிழந்துவிட்டது என்கிறார். தானாகச் சரியாகும் காலம் கடந்துவிட்டது. ஜூனில் அறுவை. படிக்கலாம், படி இறங்கலாம், வண்டியும் ஓட்டலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். பந்தாட்டம் போதும் என்றார். முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இனி அப்பாவிடம் சொல்லலாம்.

உன் தம்பி,
கூர்தின்


லவீன்,
10 மே 1987

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ தைரியமாக இரு.

அப்பாவிடம் உன் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். படித்து முடித்ததும், "அவன் அந்தப் பையனைப் போய்ப் பாத்தானா?" என்றார். பார்த்தான் என்று எழுதியிருக்கிறதே அப்பா என்றேன். "ம். எழுதியிருக்கு" என்றார். கொட்டகைக்குப் போனார், கோடரிச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், விறகுக் கட்டைமேல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் வந்து, "பீலுக்குப் போக எத்தனை ரயில் மாறணும்?" என்று பெய்தரைக் கேட்டார்.

ஜூன் 8 அன்று வருகிறார், அறுவைக்கு முந்தைய நாள். நான் வருகிறேன் என்றதற்கு, "உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டார். நிலையத்தில் போய்க் காத்திரு. பெட்டியை வாங்க முயலாதே, கொடுக்க மாட்டார். கண்ணைப் பற்றி அவராகக் கேட்கும்வரை பேசாதே. இரவில் பால் இல்லாமல் தூங்க மாட்டார்.

உர்பானுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் பாதியை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

நல்லபடியாக நடக்கும்.

அன்புடன்,
அக்கா


பீல்,
19 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானும் நீயும் சுகமா? அப்பா இங்கே மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனதிலிருந்து கிஸ்லான் என் வீட்டுக்கு வருவதே குறைந்துவிட்டது. "சீட்டாட உங்கப்பா இல்லாம உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்னடா பண்றது?" என்கிறான். இருவரும் ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமலே தினம் சண்டை போட்டார்கள்.

கண் நன்றாக இருக்கிறது. வலப்பக்க ஓரத்தில் கீழே பார்த்தால் மட்டும் இன்னும் இரண்டாகத் தெரிகிறது, அது அப்படியே இருக்கும் என்கிறார் மருத்துவர். ஆட்டத்தை விட்டதைச் செப்டம்பரில் அறிவித்தேன். காரணத்தையும் சொன்னேன், உர்பான் பெயரோடு. இரண்டு வாரம் திட்டினார்கள், பிறகு பருவம் சூடுபிடித்தது, வேறு ஆளைத் திட்டப் போய்விட்டார்கள்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. "ஞாயிறு பத்து மணி. எங்கள் பயிற்சித் திடல். பூட்ஸ் எடுத்து வரவும். உ. ஆர்னோல்ட்." நலமா என்றும் இல்லை, அன்புடன் என்றும் இல்லை. நேற்றுப் போனேன்.

திடலில் வேறு யாரும் இல்லை. நடுவில் பந்தோடு நின்றான். உடம்பு பெருத்திருக்கிறது, கால் ஒன்று மெலிந்திருக்கிறது. கை கொடுக்கவில்லை.

"உங்க அக்கா எனக்கு எழுதியிருந்தாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு குடும்பமே சேர்ந்து என் காலை உடைச்சிருக்கீங்க."

குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"ஆடலாம்னு டாக்டர் சொல்லி மூணு வாரம் ஆச்சு. ஆனா எங்க பசங்க ஒருத்தன் கிட்ட வர மாட்டேங்குறான். நான் பந்தோட வந்தா ஒதுங்கி வழி விடுறானுங்க. இப்படியே போனா நான் என்னைக்கு ஆடுறது?" பந்தைக் காலடியில் உருட்டினான். "எனக்கும் பயம்தான். ராத்திரி படுத்தா அந்தச் சத்தம்தான் கேக்குது. அதனால நீங்க வாங்க. நான் பந்தோட வர்றேன், நீங்க சறுக்கிப் பறிங்க. அன்னைக்கு மாதிரியே."

"என்னால முடியாது உர்பான்."

"முடியணும். வேற யாரைக் கூப்பிட?"

இருபது அடி பின்னால் போய் ஓடி வந்தான். அக்கா, நான் நகரவில்லை. என்னைக் கடந்து போய்விட்டான். திரும்பி வந்து திட்டினான், நீ கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொள்வாய். மறுபடி ஓடி வந்தான். மறுபடி விட்டேன். மூன்றாவது தடவை பந்தைப் பார்த்தேன். ஒரே பந்து. புல் ஒட்டிய, பழைய, ஒரே ஒரு பந்து. சறுக்கினேன்.

பந்து என் காலில் பட்டுப் பக்கவாட்டில் போயிற்று. அவன் என்மேல் இடறித் தரையில் விழுந்தான். முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். கூப்பிட்டேன். தோளைத் தொடப் போனேன். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தான். காலைப் பிடித்துப் பார்த்தான், பிறகு மடக்கி நீட்டினான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்து கிடந்த இடத்துக்குப் போனான்.

"இன்னொரு தடவை," என்றான். "இந்தத் தடவை நெசமா வாங்க."

மதியம் வரை ஆடினோம்.

சனிக்கிழமை வருகிறேன். எல்லோருக்கும் என் அன்பு.

உன் தம்பி,
கூர்தின்